பழனி மலைப் பூச்சி யார் வீட்டுப் பிள்ளை?

கொடைக்கானல் போய்வந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆரஞ்சு நிறச் சிறகில் கரும்புள்ளிகளை வாரித் தெளித்தது போல ஒரு பட்டாம்பூச்சி. படத்தோடு ஒரு புகாரும் வந்தது. பழைய நூலைப் புரட்டினால் இது 'இந்தியன் ஃபிரிட்டில்லரி'யின் தென்னிந்தியக் கிளை என்று இருக்கிறதாம். புதிய பட்டியலில் 'பழனி ஃபிரிட்டில்லரி' என்ற தனிச் சிற்றினமாக இருக்கிறதாம். "இரண்டில் எது சரி? படித்தவர்களே ஆளுக்கொன்று சொன்னால் நான் என்ன பெயர் எழுதி வைப்பது?" என்று கேட்டிருந்தார்.

எரிச்சல் நியாயமானதுதான். வகைப்பாடு என்றால் எல்லாம் முடிந்துபோன கணக்கு என்றுதான் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பேரினம் ஒன்று, சிற்றினம் ஒன்று, இரண்டையும் சாய்வெழுத்தில் எழுதினால் மதிப்பெண். ஆனால் அந்தப் பெயர் ஒருவர் முன்வைத்த கருத்து என்பதையும், அதை இன்னொருவர் மறுக்கலாம் என்பதையும் பாடநூல் சொல்வதில்லை. பழனி மலைப் பூச்சியின் பெயர் இன்னும் தீர்ப்பு வராத வழக்கு. வழக்கு எதைப் பற்றியது, எந்தச் சாட்சிக்கு எவ்வளவு எடை என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் பூச்சி. ரோமானியர்கள் பகடையைக் குலுக்கிப் போட்ட குவளைக்கு இலத்தீனில் 'ஃபிரிட்டில்லஸ்' என்று பெயர். கட்டம் கட்டமாகப் புள்ளியிட்ட சிறகைப் பார்த்த ஐரோப்பியர்களுக்கு அந்தச் சூதாட்டப் பொருள்தான் நினைவுக்கு வந்தது. ஜப்பானியர்கள் இதே கூட்டத்தைச் சிறுத்தைப் புள்ளிக்காரர்கள் என்கிறார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. சிறகை விரித்தால் சிறுத்தை. மூடினால் வேறு ஆள்: முன்சிறகின் அடிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல், பின்சிறகில் பழுப்பும் வெள்ளிப் பொட்டும். கம்பளிப்பூச்சி கறுப்பு, முதுகில் நீளமாக ஓர் ஆரஞ்சுக் கோடு, உடம்பெல்லாம் முள். அது தின்பது வயோலா இலை. புல்லுக்குள் தலை காட்டாமல் பூக்கும் சின்னஞ்சிறு ஊதாப்பூச் செடி அது. குனிந்து பார்க்காதவர் கண்ணில் படாது.

இந்தியன் ஃபிரிட்டில்லரியின் அறிவியல் பெயர் ஆர்ஜினிஸ் ஹைப்பர்பியஸ். பெயரில்தான் இந்தியா. ஆள் எத்தியோப்பிய மலைகளிலும் இமயத்திலும் சீனாவிலும் ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வரை போயிருக்கிறது, இலங்கையிலும் உண்டு. ஜப்பானில் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் பேன்சிப் பூச்செடி வயோலா குடும்பம் என்பதால் அதையும் தின்று பழகி, சில பத்தாண்டுகளில் டோக்கியோ வரை வடக்கே ஏறிவிட்டது. நகரத்தோடு ஒட்டிக்கொள்ளத் தெரிந்த பூச்சி.

இதில் பெண்ணிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. நம் ஊர் ரோட்டோரத்து எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். வெந்தய நிறம், முன்சிறகின் முனையில் கறுப்பு, அந்தக் கறுப்பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. எருக்கம்பாலின் நஞ்சைக் கம்பளிப்பூச்சிப் பருவத்திலேயே உடம்பில் ஏற்றிக்கொள்வதால் அதைக் கொத்திய பறவை ஒருமுறை கொத்தியதோடு சரி. வெந்தய வரியன் அவசரமில்லாமல் பறப்பதே அந்தத் தைரியத்தில்தான். ஃபிரிட்டில்லரிக்கு அந்த நஞ்சு கிடையாது. ஆனால் வடக்கே இமய அடிவாரத்தில் வாழும் ஹைப்பர்பியஸ் பெண்ணின் முன்சிறகைப் பாருங்கள்: முனையில் அதே கறுப்பு, அதே வெள்ளைப் பட்டை. ஆண் வெறும் சிறுத்தைப் புள்ளியோடு திரிய, பெண் வெந்தய வரியனின் வேடம் கட்டிக்கொண்டு திரிகிறது. முட்டை சுமந்துகொண்டு செடி தேடித் தாழப் பறக்கிறவளுக்குத்தானே பாதுகாப்பு அதிகம் வேண்டும்.

பழனி மலைப் பெண் இந்த வேடம் கட்டுவதில்லை. கிட்டத்தட்ட ஆணைப் போலவேதான் இருக்கிறாள். வழக்கின் மூலக்கல் இதுதான்.

பிரான்சின் ரென் நகரத்தில் சார்ல் ஓபெர்த்தூர் என்றொரு பூச்சி சேகரிப்பாளர் இருந்தார். அச்சுத்தொழில் குடும்பம், கையில் பணம். உலகெங்கும் போன பிரெஞ்சுப் பாதிரியார்கள் அவருக்குப் பட்டாம்பூச்சிகளைக் காகித உறையில் மடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருச்சிராப்பள்ளியில் இருந்த காஸ்தே என்ற ஏசு சபைப் பாதிரியார் அவர்களில் ஒருவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஓபெர்த்தூர் இந்தத் தென்னிந்தியப் பூச்சிக்கு 'ஆர்ஜினிஸ் காஸ்தெட்ஸி' என்று பெயர் வைத்தார். பாதிரியாரின் பெயர் பழனி மலைப் பூச்சியின் மேல் உட்கார்ந்தது. அவரைப் பொறுத்தவரை அது தனிச் சிற்றினம்.

அடுத்து வந்தவர் இராணுவ அதிகாரி வில்லியம் ஹாரி எவன்ஸ். இந்தியப் பட்டாம்பூச்சிகளை அடையாளம் காண அவர் எழுதிய கையேட்டை இன்றும் ஆட்கள் தேடி எடுக்கிறார்கள். 1912இல் அவர் நீலகிரிப் பூச்சிக்குத் தனியாக 'ஹைப்ரிடா' என்று பெயர் கொடுத்தார். ஹைப்ரிடா என்றால் கலப்பு. வடக்கத்திப் பூச்சிக்கும் பழனிப் பூச்சிக்கும் நடுவில் நிற்கும் ஒன்றாக அது அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். இந்தப் பெயர் ஒருபக்கச் சாட்சி போல இன்றும் வழக்கில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், இரண்டு முனைகளும் ஒரே கயிற்றின் முனைகள் என்று வாதாட இடம் கிடைத்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டன: ஹைப்பர்பியஸ் ஒன்றே சிற்றினம், காஸ்தெட்ஸியும் ஹைப்ரிடாவும் அதன் துணையினங்கள். இப்போது மேற்குத் தொடர்ச்சி மலைப் பட்டியல்களில் காற்று மாறியிருக்கிறது. பழனி ஃபிரிட்டில்லரி தனி, நீலகிரி ஃபிரிட்டில்லரி தனி என்று எழுதுகிறார்கள்.

இங்கே இன்னொரு சிக்கலைப் பிரித்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து முடிச்சு விழும். பழைய நூல் ஒன்றில் இதே பூச்சி 'ஆர்ஜினிஸ் நைஃபி' என்றும், வேறொன்றில் 'ஆர்ஜிரியஸ் ஹைப்பர்பியஸ்' என்றும் இருக்கும். இவை வேறு வகை மாற்றங்கள். ஒரே பூச்சிக்கு லின்னேயஸ் 1763இல் ஹைப்பர்பியஸ் என்றும் 1767இல் நைஃபி என்றும் இரண்டு பெயர் வைத்துவிட்டார்; மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. இது பத்திரப் பதிவுத் தகராறு மாதிரி, பூச்சியைப் பார்க்காமலே தீர்க்கலாம். ஆர்ஜிரியஸா ஆர்ஜினிஸா என்பது பேரினத்தின் எல்லையை எங்கே போடுவது என்ற கேள்வி. பெரிய ஃபிரிட்டில்லரிகளை 2006இல் ஓர் ஆய்வு ஒரே பேரினமாகச் சேர்த்தது. 2017இல் இன்னொன்று மூன்றாகப் பிரித்தது. இரண்டிலும் நம் பூச்சி ஆர்ஜினிஸ்தான். ஒரே மரத்தில் எந்தக் கிளையிலிருந்து வீட்டுப்பெயரை எண்ணுவது என்ற வசதிப் பிரச்சினை அது. பழனிப் பூச்சி தனிச் சிற்றினமா என்பது மட்டும் அப்படியல்ல. அது அந்தப் பூச்சிகளின் வாழ்க்கையைப் பற்றிய கேள்வி.

எப்படிப்பட்ட கேள்வி? எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் எழுதிய விளக்கத்தைத்தான் இன்றும் வகுப்பில் சொல்கிறார்கள். தங்களுக்குள் இனம் பெருக்கிக்கொள்ளும், மற்றக் கூட்டத்தோடு பெருக்கிக்கொள்ளாத கூட்டம் ஒரு சிற்றினம். நம் பேச்சில் சொன்னால் கொள்வினை கொடுப்பினை. இரண்டு மலைப் பூச்சிகளுக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நடந்துகொண்டிருந்தால், நிறம் எவ்வளவு மாறினாலும் ஒரே உறவின்முறை. நின்றுபோய், மறுபடி சந்தித்தாலும் ஒட்டாது என்ற நிலை வந்திருந்தால் தனித் தனி.

கேட்க எளிது. ஆனால் பழனி மலைப் பூச்சி இமயத்துப் பூச்சியை எங்கே சந்திக்கப் போகிறது? நடுவில் தக்காணம் முழுக்கக் கிடக்கிறது. சரி, பழனியும் நீலகிரியுமாவது பக்கத்துப் பக்கத்து மலைகள் அல்லவா என்றால், நடுவில் பாலக்காட்டுக் கணவாய். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே அறுந்து தரைமட்டத்துக்கு வந்துவிடுகிறது. வெயில் காய்கிற தென்னந்தோப்பும் வயலும் கொண்ட அந்த இடைவெளி, குளிர்ந்த புல்மேட்டில் வயோலா தேடி வாழும் பூச்சிக்குக் கடல் மாதிரி. மலை உச்சிகள் தீவுகளாக நிற்கின்றன. சேர்ந்தால் ஒட்டுமா என்ற கேள்வியை இயற்கை இங்கே கேட்கவே இல்லை. அதனால் பதிலும் தரவில்லை. மேயரின் அளவுகோல் இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது. மீதி எல்லாம் சூழ்நிலைச் சாட்சி.

சூழ்நிலைச் சாட்சியில் முதலாவது சிறகு. "பெண்ணின் தோற்றமே வேறு, அப்புறம் என்ன?" என்று தோன்றும். அங்கே நிதானம் வேண்டும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் காமன் மார்மன் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆணைப் போன்ற பெண்ணும் உண்டு. பறவைகள் தொடாத சிவப்பு உடல் பட்டாம்பூச்சிகளைப் போல வேடமிட்ட பெண்களும் உண்டு. ஒரே தோட்டத்தில், ஒரே தாயின் குஞ்சுகளில்கூட இருக்கலாம். இந்தப் பெரிய தோற்ற மாற்றத்துக்கெல்லாம் விசை 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று குருஷ்ணமேக் குந்தேயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். ஒரு சுவிட்சைத் தட்டினால் வேடம், அணைத்தால் வெறும் முகம். ஃபிரிட்டில்லரியிலும் அதே மரபணுதான் என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் கண்ணைப் பறிக்கும் வேறுபாடு, ஆழமான வேறுபாடாக இருக்க வேண்டியதில்லை என்பது இதில் தெளிவு. வெள்ளைப் பட்டை ஒன்றை மட்டும் நம்பிச் சிற்றினத்தைப் பிரித்தால், மீசை எடுத்தவனை வேறு ஆளாக எண்ணிய கதையாகிவிடும்.

அதற்காகச் சிறகைக் குப்பையில் போடவும் கூடாது. காமன் மார்மனில் இரண்டு வகைப் பெண்களும் ஒரே இடத்தில் கலந்து இருக்கின்றன. பழனியிலோ ஆணைப் போன்ற பெண்தான் அந்த ஊர் வழக்கம். ஒரு கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து நிலைத்திருப்பது, அது நெடுங்காலம் ஒதுங்கியே வாழ்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாகலாம். வேடத்தை ஏன் விட்டது, அல்லது கட்டவே இல்லையா என்பது சுவையான துணைக் கேள்வி. வேடம் பலிக்க அசல் பக்கத்திலேயே நிறைய இருக்க வேண்டும்; எருக்கு சமவெளிச் செடி, மேலே புல்மேட்டில் அதன் ஆட்சி கிடையாது. பறவைக்கு அசலைத் தெரியாத இடத்தில் நகலுக்கு மரியாதை ஏது? அழகான ஊகம். ஊகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது சாட்சி மரபணு. பட்டாம்பூச்சிகளில் வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவின் 658 எழுத்துக் கொண்ட துண்டு. கடைப் பொருளில் இருக்கும் பார்கோடு போல இதை வைத்து இனம் சொல்லிவிடலாம் என்று 2003 முதல் ஓர் இயக்கமே நடக்கிறது. மிகவும் பயனுள்ள கருவி. ஆனால் ஒற்றைச் சாட்சி. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் மட்டும் வருவது, அதனால் பாட்டிகளின் கதையை மட்டும் சொல்லும். போதாததற்கு வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சிகளின் முட்டைக்குள் குடியிருந்து அதே தாய் வழியில் பரவுகிறது. பரவும்போது தான் ஏறிவந்த மைட்டோகாண்ட்ரியாவையும் கூட்டம் முழுக்கப் பரப்பிவிடும். பிரிந்த இரண்டு ஒன்று போலத் தெரியலாம், ஒன்றானது இரண்டாகத் தெரியலாம். ஆகவே உட்கருவின் மரபணுக்கள் பலவற்றையும், இமயம், நீலகிரி, பழனி, இலங்கை என நான்கு இடத்துப் பூச்சிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பேச்சு முடியும். கூடவே ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, கம்பளிப்பூச்சியின் முள், கூட்டுப்புழு. இலங்கைப் பூச்சி எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்பதில் எனக்குத் தனி ஆர்வம். பழனிக்கு நெருக்கமாக இருந்தால் கதை ஒரு மாதிரி, இமயத்துக்கு நெருக்கமாக இருந்தால் வேறு மாதிரி.

இதே மலைகளில் இப்படி ஒரு வழக்கு முடிந்ததும் உண்டு. சோலைக்காட்டுத் தரையில் தத்தித் திரியும் நீல நிறக் குருவி ஒன்று. நீலகிரியில் இருப்பதும் பழனி, ஆனைமலையில் இருப்பதும் ஒரே சிற்றினத்தின் இரண்டு வடிவம் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணு, பாட்டு, நிறம், உடல் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டும் தனிச் சிற்றினங்கள் என்று உறுதியானது. அது மட்டுமல்ல, இவை உலகத்தில் வேறெங்கும் இல்லாத பேரினம் என்று 2017இல் புதுப் பெயரும் வைத்தார்கள்: 'ஷோலிகோலா', சோலைவாசி. நம் சோலை என்ற சொல் இலத்தீன் வாலோடு உலக ஏட்டில் ஏறியது. இந்த முன்தீர்ப்பு பழனிப் பூச்சியைப் பிரிப்பவர்களுக்குத் தெம்பு தருகிறது. ஆனால் குருவிக்குக் கணவாய் சுவராக இருந்தால் பூச்சிக்கும் சுவராகத்தான் இருந்திருக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு மட்டுமே. ஒருவர் வீட்டுப் பத்திரத்தைக் காட்டி இன்னொருவர் நிலத்தை அளக்க முடியாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் கேட்டால் சொல்வார்கள். கொலராடோவின் அன்கம்பாகிரே சிகரத்தில் 1978இல் ஒரு சிறிய ஃபிரிட்டில்லரியைக் கண்டுபிடித்து 1980இல் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டார்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டிய சரிவில், தரையோடு படர்ந்த பனி வில்லோச் செடியை நம்பி வாழ்வது. வட துருவத்தை ஒட்டி வாழும் இன்னொரு ஃபிரிட்டில்லரியின் துணையினம்தான் இது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். விவாதம் நடக்க, 1991இல் அதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாகச் சட்டப்படி அறிவித்துவிட்டார்கள். அந்நாட்டுச் சட்டம் துணையினத்தையும் காக்கும், அதனால் சண்டையில் யார் வென்றாலும் பூச்சிக்குச் சேதமில்லை. ஆனால் அதே சட்டத்தில், முதுகெலும்புள்ள விலங்கு என்றால் தனித்த ஒரு கூட்டத்துக்கு மட்டும்கூடப் பாதுகாப்புக் கேட்கலாம். பூச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. துணையினம் என்ற தகுதியும் போனால் பாதுகாப்பும் போய்விடும். துணையினத்தைக் காப்பதில் ஆஸ்திரேலியாவும் அப்படித்தான்: உலகெங்கும் பரவிய ஹைப்பர்பியஸின் அந்நாட்டுத் துணையினத்தை மிக மோசமான அழிவு நிலையில் இருப்பதாகத் தனியே அறிவித்திருக்கிறது. 'ஜப்பானில் தொட்டிச் செடியில் கிடக்கிறதே' என்று விட்டுவிடவில்லை.

நம் பக்கம் பழனி மலையில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. போன இடத்தில் நிற்பது சீகை, தைலம், பைன், காய்கறித் தோட்டம். மரம் நின்றால் பச்சை, பச்சை என்றால் காடு என்று நம்பிய காலத்தின் விளைவு. வயோலா வளரும் நிலம் அதில் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹைப்பர்பியஸின் ஒரு கிளைதான் என்று எழுதிவிட்டால், உலகில் எத்தனையோ இடத்தில் இருக்கிறதே என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த மலைக்கே உரிய சிற்றினம் என்று எழுதினால் கணக்கு மாறும். இந்தக் காரணத்துக்காகவே பிரித்துவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பாற்றுவதற்காகச் சாட்சியை வளைத்தால், நாளை மரபணு வேறு சொல்லும்போது பூச்சியும் போகும், சொன்னவர் வாக்கும் போகும்.

மாணவருக்கு நான் எழுதிய பதில் இதுதான். படத்தின் கீழ் 'ஆர்ஜினிஸ் காஸ்தெட்ஸி, பழனி ஃபிரிட்டில்லரி' என்றே எழுதுங்கள். இன்றைய நம் ஊர்ப் பட்டியலோடு ஒத்துப்போகும். துணையினமாக வைப்பவர்களும் உண்டு என்று பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். வடக்கத்திப் பூச்சியிலிருந்து தென்னாட்டுப் பூச்சியைப் பிரிக்கும் வாதம் எனக்குக் கனமாகத் தெரிகிறது. நீலகிரியையும் பழனியையும் தங்களுக்குள் பிரிக்கும் வாதம் அந்த அளவு கனமாகத் தெரியவில்லை. ஹைப்ரிடா என்ற அந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் விட, நீங்கள் அனுப்பியது ஆண் பூச்சி. வழக்கு நடப்பது பெண்ணின் மேற்சிறகில். இடம், உயரம், நாள், எந்தச் செடியில் உட்கார்ந்தது என்ற குறிப்போடு பெண்ணின் படம் இருந்தால் அனுப்புங்கள்.

சொல்வது எளிது. போன முறை மன்னவனூர்ப் பக்கம் போனபோது நானே ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தேன். புல்லுக்குள் தாழப் பறந்து, இறங்கி, நடந்து, வயோலா இலையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, அடிவயிற்றை வளைத்துப் பக்கத்தில் கிடந்த காய்ந்த புல்தாளில் முட்டை வைத்தது. மறுபடி எழுந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் சிறகை மூடிக்கொண்டே. வெள்ளிப் பொட்டுகளை நாற்பது படம் எடுத்திருப்பேன். விரிக்கும் என்று முழங்கால் ஈரமாக மண்டியிட்டுக் காத்திருந்தபோது பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து மூடியது. வெயில் போனதும் அது புல்லுக்குள் இறங்கிவிட்டது. அரைமணி நேரம் நின்று பார்த்தேன், எழவே இல்லை.